காவல் கூலி

மந்திரமூர்த்தியைப் பட்டப்பகலில் கொன்றார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன ஆள் அவர். அந்த வீட்டு உலக்கையாலேயே அவர் மண்டையை உடைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் தெருவாசல் தெளிக்க வந்த செல்லக்கனி, எதிர்வீட்டு நிலைப்படிக்குக் கீழே எறும்பு சாரைசாரையாகப் போவதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டு அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்தது தூத்துக்குடித் துறைமுகம்தான் என்று ஊரே நம்பியது. வண்டி கிடைத்தவர்கள் சாத்தான்குளம், நாசரேத் என்று உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். தெருவில் பத்து வீட்டுக்கு இரண்டு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது.

செல்லக்கனியின் புருஷன் காசிலிங்கம் சங்கும் முத்தும் வாங்கி விற்கிறவர். அவர் போகவில்லை. போக முடியாதபடி ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். அவர் வீட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப்பெட்டி உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர்கள், வழியில் பறிகொடுக்கப் பயந்து, நகைகளைத் துணியில் முடிந்து பேர் எழுதி அவரிடம் கொடுத்தார்கள். ஏழு வீட்டு நகை. எல்லாவற்றையும் வாங்கித் தன் முத்துப் பைகளோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி எங்கே இருக்கிறது என்பதைச் செல்லக்கனியிடம்கூடச் சொல்லவில்லை.

மந்திரமூர்த்தியின் உடலை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் மாசானம் வந்தான். ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு வீட்டுக் காவல் பார்க்கிறவன். அடுத்த வீட்டு வன்னியபெருமாள் ஊருக்குப் போகும்போதே அவனிடம் பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"மாசம் பத்து ரூவா அண்ணாச்சி. பகலும் ராத்திரியும் ஆள் நிக்கும். களவு போச்சுன்னா போன சாமானுக்கு நான் பொறுப்பு."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார் காசிலிங்கம்.

அவன் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து செல்லக்கனியிடம் சொன்னார். "இவன் ஆளுகளேதான் எதிர்வீட்டுக்குள்ள ஏறியிருப்பானுவ. பணம் குடுக்காத வீடா பாத்து ஏறுதானுவ."

"பாத்தீகளா நீங்க?"

"பாக்கணுமா?"

துப்பாக்கி வாங்கலாம் என்று திருநெல்வேலிக்குப் போய் லைசென்சுக்கு விசாரித்தார். யுத்த காலத்தில் மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாய் வளர்க்கலாம் என்றார். குட்டி வளர்ந்து குரைக்கிறதற்குள் ஜப்பான்காரனே வந்துவிடுவான் என்றாள் செல்லக்கனி. கடைசியில் கதவுதான் என்று முடிவு செய்தார். தேக்குப் பலகையில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. உள்ளே சுவரில் பதித்த இரண்டு கொக்கிகளில் குறுக்கே விழுகிற தடித்த இரும்புக் கம்பி. யுத்தத்தில் இரும்பு விலை மூன்று மடங்காகியிருந்தது. கூலியோடு இருநூற்றுப் பத்து ரூபாய் கேட்டான் பட்டறைக்காரன்.

"இந்த ரூவாய்க்கு மாசானம் ஒண்ணே முக்கா வருசம் நிப்பானே" என்றாள் செல்லக்கனி.

"மாசானம் தூங்குவான். குடிப்பான். வெல போவான். கதவு வெல போவுமா?"

"கூப்பிட்டா ஆள் ஓடி வரும். கதவு வருமா?"

அவர் பட்டறைக்காரனிடம் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

பட்டறையிலிருந்து கதவு மாட்ட வந்தவன் சிவனாண்டி என்ற ஆள். நான்கு நாள் வேலை. வேலை நடந்த நான்கு நாளும் செல்லக்கனிதான் மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டாள். நல்ல வேலைக்காரன். கம்பியைக் கொக்கியில் போட்டுவிட்டு வெளியே போய், தன் சம்மட்டியால் கதவை ஓங்கி நாலு அடி அடித்துக் காட்டினான். சுண்ணாம்புகூட உதிரவில்லை. காசிலிங்கம் சந்தோஷப்பட்டு மீதிப் பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். மீதிப் பணம் எடுக்க அவர் உள்ளறைக்குப் போனபோது, திறந்த கதவு வழியாகச் சிவனாண்டி இரும்புப்பெட்டியைப் பார்த்தான்.

கதவு மாட்டிய ஒன்பதாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, சிவனாண்டி. கீலுக்கு எண்ணெ போடணும்னு மொதலாளி அனுப்பினாவ."

செல்லக்கனி கம்பியைத் தூக்கிக் கதவைத் திறந்தாள். சிவனாண்டிக்குப் பின்னால் அம்மைத் தழும்பு முகத்தோடு நெட்டையான இன்னொருவன் நின்றான். முதலில் உள்ளே வந்தவன் அவன்தான். வந்த வேகத்தில் அவள் வாயைப் பொத்திச் சுவரோடு சேர்த்து மோதினான். அவள் தலை சுற்றிக் கீழே சரிந்தாள். சிவனாண்டி கதவைச் சாத்திக் கம்பியை எடுத்துக் கொக்கியில் போட்டான்.

காசிலிங்கம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தார். சத்தம் கேட்டு எழுந்திருக்கும்போதே சம்மட்டி அவர் முழங்காலில் இறங்கியது. விழுந்தவரின் மேல் ஏறி உட்கார்ந்து கைகளை முன்னால் வைத்துக் கட்டி, கால்களையும் கட்டினார்கள். நெட்டையன் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தான்.

"சாவி."

காசிலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வலது கையைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டான் நெட்டையன். சிவனாண்டி சம்மட்டியால் நசுக்கினான். இரண்டு விரல்கள் வெற்றிலை மாதிரி தட்டையாயின. காசிலிங்கம் அலறினார். சாவி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை.

நெட்டையன் எழுந்து செல்லக்கனியின் கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து அவர் முன்னால் உட்காரவைத்தான். அவளுக்கு நாற்பது வயது. பதினைந்து வயதில் போட்ட பாம்படம் காதில் தொங்கியது. வடித்து நீண்ட காதுமடல் தோளைத் தொடும். அவன் இடது காதுப் பாம்படத்துக்குள் விரலை விட்டான்.

"ஒம் பொண்டாட்டிய பாருலே. சாவி எங்க?"

செல்லக்கனி புருஷனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நெட்டையன் இழுத்தான். காது கிழிகிற சத்தம் அவளுக்குள்ளேயே கேட்டது. பச்சைத் துணி கிழிகிற மாதிரிதான் இருந்தது. வலி பிறகுதான் வந்தது.

"இன்னொரு காது இருக்கு. சொல்லுதியா?"

"சொல்லிருங்க" என்று கத்தினாள் செல்லக்கனி. "என்னமும் போவட்டும், சொல்லிருங்க!"

காசிலிங்கத்தின் கண் திறக்கவில்லை. நெட்டையன் இரண்டாவது காதையும் கிழித்தான். அவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நடையில், கதவுப் பக்கமாக அவளைக் காலால் தள்ளிவிட்டு, "ஒடைலே பெட்டிய" என்றான்.

சிவனாண்டி உள்ளறைக்குப் போய்ப் பெட்டியின் பூட்டில் சம்மட்டியைப் போட்டான். அதுவரை அலறிய அலறலெல்லாம் அந்தக் கதவுக்குள்ளேயே அடங்கியிருந்தது; இந்தச் சத்தம்தான் தெருவுக்குக் கேட்டது. வன்னியபெருமாள் வீட்டு வாசலில் இருந்த மாசானம் ஓடிவந்து கதவில் மோதினான். கூட இரண்டு பேர் வந்தார்கள். கல்லைத் தூக்கிப் போட்டார்கள். கதவு அசையவில்லை.

"அண்ணாச்சி! கதவத் தொறங்க! ஏ அண்ணாச்சி!"

நெட்டையன் ஒரு காலைக் காசிலிங்கத்தின் கழுத்தில் வைத்து மிதித்துக்கொண்டு, "சீக்கிரம்லே" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

செல்லக்கனிக்கு மயக்கமில்லை. முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்வது தெரிந்தது. கதவைப் பிடித்து எழுந்தாள். இரத்தம் தோளில் வழிந்து கையெல்லாம் வழுக்கியது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் குறுக்குக் கம்பியைக் கொக்கியிலிருந்து தூக்கினாள். கம்பி கொக்கியில் உரசிய சத்தத்துக்கு நெட்டையன் திரும்பினான். அரிவாளை ஓங்கிக்கொண்டு அவளிடம் பாய்ந்தான்.

அவள் கம்பியைச் சுழற்றினாள். பொட்டில் பட்டது. அவன் முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். ஆச்சரியப்பட்ட மாதிரி அவளை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி அடித்தாள். அவன் மல்லாந்தான். அதற்கப்புறம் எத்தனை அடி என்று அவளுக்கே தெரியாது. மாசானம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோதும் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மைத் தழும்பு இருந்த முகம் அங்கே இல்லை.

"போதும் தாயி. செத்துட்டான். போதும்" என்று மாசானம் கம்பியைப் பிடித்தான்.

சம்மட்டியோடு வெளியே வந்த சிவனாண்டியை மாசானத்தின் ஆட்கள் கம்பால் அடித்து இரண்டு கைகளையும் ஒடித்தார்கள். "அக்கா, விடச் சொல்லுங்கக்கா, சோறு போட்ட கையி" என்று அவன் அழுதான். அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லையா, மனசு வரவில்லையா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன்பே காசிலிங்கம் சொன்னார்: "அடிச்சது நான்தான் அய்யா."

இன்ஸ்பெக்டர் அவருடைய நசுங்கிய கையைப் பார்த்தார். பிறகு செல்லக்கனியின் பக்கம் திரும்பினார்.

"நான் அடிச்சேன்" என்றாள் அவள்.

அதையே எழுதிக்கொண்டார். உயிரைக் காத்துக்கொள்ள அடித்தது, அவள் மேல் வழக்கு வராது என்றார். மந்திரமூர்த்தியைக் கொன்றதும் தாங்கள்தான் என்று சிவனாண்டி அன்று இரவே ஒப்புக்கொண்டான். மாசானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியபின் இருவரும் தனியாக இருந்தார்கள். காசிலிங்கம்தான் முதலில் பேசினார்.

"ஏழு வீட்டு நகை, ஏளா. நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காவ. நம்மளுது மட்டும்னா அப்பவே சொல்லியிருப்பேன்."

"ஒங்க வெரல நீங்க குடுத்தீக. சரி. எங் காத யாரக் கேட்டுக் குடுத்தீக?"

அதன்பிறகு ஒன்றரை மாதம் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் சமைத்தாள். அவர் இடது கையால் சாப்பிட்டார். காதுப் புண் ஆறி, இரண்டு பக்கமும் இரண்டு வார்களாகத் தோல் தொங்கியது. முக்காடு போட்டுக்கொண்டுதான் தண்ணீருக்குப் போனாள்.

குண்டு விழவில்லை. ஜூன் மாதம் ஜனங்கள் திரும்ப வந்தார்கள். காசிலிங்கம் ஒற்றை ஆளாகக் கொள்ளைக்காரனைக் கொன்று நகைகளைக் காத்தார் என்று சாத்தான்குளம் வரை பேச்சு போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள். காசிலிங்கம் பெட்டியைத் திறந்து முடிச்சுகளை எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி மாதிரி ஒரு ஆம்பள இந்தத் தெருவுல உண்டா!" என்றார் வன்னியபெருமாள்.

செல்லக்கனி உள்ளேயிருந்து வந்தாள். முக்காட்டை இறக்கினாள். பேச்சு நின்றது.

"அவுக கொல்லல. நான் கொன்னேன்" என்றாள். "சாவியக் குடுக்காம இருந்தது அவுக. அதுக்கு என் ரெண்டு காதும் போச்சு. ஒங்க நகைக்குக் காவல் நின்னது நான். காவல் கூலி வீட்டுக்கு அஞ்சு ரூவா வச்சிட்டு முடிச்ச எடுத்துக்கிடுங்க."

வன்னியபெருமாள்தான் முதலில் பேசினார். "நான் மாசானத்துக்கு மாசாமாசம் குடுக்கேனே."

"அது ஒங்க வீட்டுக்கு. இது நகைக்கு."

"இல்ல, ஒரு பொம்பள காவல் கூலி கேக்கிறதுன்னா... அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதிய?"

காசிலிங்கம் மடங்காத வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ கேட்டது கம்மி வேய்" என்றார். "குடுத்துட்டு எடுத்துக்கிடும்."

முதலில் எழுந்தது பேச்சி என்ற விதவை. முந்தி முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாயை வைத்து, மீதியை ஆடிக்குள் தருகிறேன் என்றாள். அவள் செல்லக்கனியின் காதைப் பார்க்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். வன்னியபெருமாள் கடைசியாக, நோட்டைப் பாயில் போட்டுவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமல் போனார்.

எல்லோரும் போனபின் செல்லக்கனி புருஷனைப் பார்த்தாள். "ஒங்க முத்தும் அதுக்குள்ளதான இருந்துச்சு."

அவர் உள்ளே போனார். ஐந்து ரூபாயைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

அடுத்த வாரம் அவள் தனியாக பஸ் ஏறி நாசரேத் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காதை வெட்டித் தைத்துச் சின்னதாக்கி விடலாம் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னாள். மறுபடி பாம்படம் போட முடியாது என்றும் சொன்னாள். "போட வேண்டாம், தையுங்க" என்றாள் செல்லக்கனி. மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தும் ஊசி நுழைவது தெரிந்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். டாக்டரம்மா தைப்பதை நிறுத்திவிட்டு, அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

நான்காம் நாள் காலையில் வராந்தா பெஞ்சில் காசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேட்டி முழுக்கப் புழுதி. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"சாவி உத்தரத்துக்கு மேல, கெழக்கு ஓரத்துல இருக்கு" என்றார். "அன்னைக்கும் அங்கனதான் இருந்துச்சு."

செல்லக்கனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசினால் தையல் இழுத்தது.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

"இல்ல."

ஆஸ்பத்திரியில் கொடுத்த கஞ்சியில் பாதியை ஒரு கும்பாவில் ஊற்றி அவரிடம் கொடுத்தாள். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்தாள்.