முன்பெஞ்சுக்காரி வராத நாள்

கணிதத் துறை விரிவுரையாளர் அம்மாளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு. ஒன்று அறைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று மேசை மேல் லேப்டாப்புக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக உட்கார்ந்திருக்கும். பல்கலைக்கழகம் இதற்குக் கலப்புக் கற்பித்தல் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. பெயர் வைத்தவர்கள் ஒரு நாளாவது வந்து பாடம் எடுத்துப் பார்க்கட்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆத்திரம்.

கேமரா அவரை மேசையோடு கட்டிப்போட்டது. கரும்பலகைக்குப் போனால் "மேடம், உங்களைக் காணோம்" என்று லேப்டாப் கத்தும். மேசையிலேயே நின்றால் அறையில் இருப்பவர்கள் அவர் உச்சந்தலையைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். அறையில் ஒருவர் கேள்வி கேட்டால் லேப்டாப்பில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அதை இவர் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். "ஏன்க்கா, நீ பாடம் நடத்துறியா, தண்டோரா போடுறியா?" என்று வீட்டில் தம்பி கிண்டலடித்தான். சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

அறைக்கே ஆபத்து வந்திருந்தது. நேரில் வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டதால், அறையைப் பூட்டிவிட்டு வகுப்பை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றிவிடலாம் என்றார் துறைத்தலைவி. விரிவுரையாளர் கெஞ்சிக் கூத்தாடினார்.

"முகத்தைப் பாத்தாத்தான் புரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியும் மேடம். அந்தக் கட்டத்துல பாதிப் பேரு கேமராவையே போடறதில்ல."

சரி, வியாழக்கிழமை நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், பிறகு முடிவு செய்யலாம் என்றார் தலைவி.

விரிவுரையாளர் மலைபோல் நம்பியது முன்பெஞ்சுக்காரியை. இரண்டு பஸ் மாறி, கொட்டுகிற மழையிலும் வந்துவிடும் பெண். நிரூபணத்தில் ஒரு வரி இடித்தாலும் அவள் கை உடனே மேலே போகும். "ஒரு நிமிஷம்மா, சாட்ல ரெண்டு கேள்வி இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்பார் இவர். சாட்டில் வருவதை அப்போதே பிடிக்காவிட்டால் மேலே ஓடி மறைந்துவிடும். பெஞ்சில் இருப்பவள் எங்கே ஓடிவிடப் போகிறாள்?

வியாழக்கிழமை தலைவி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்பெஞ்சு காலி. விரிவுரையாளர் வாசலை எட்டிப் பார்த்தார். பஸ் தாமதமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால், ஒரு கட்டத்தில் அவளே உட்கார்ந்திருக்கிறாள், தலை வாரிப் பளிச்சென்று, பின்னால் வீட்டுச் சுவர் தெரிய.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"அப்புறம் ஏன் வரல? அதுவும் இன்னிக்குப் பாத்து!"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இங்கேர்ந்து கேட்டா உடனே பதில் சொல்றீங்க மேடம். அங்க கையத் தூக்கித் தூக்கி எனக்குத் தோளே வலிச்சுப்போச்சு."

ஸ்பீக்கர் அதை அறை முழுக்கச் சொன்னது. விரிவுரையாளருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த அறைக்காக யாரோடெல்லாம் மல்லுக்கட்டினேன், இவள் இப்படிக் காலை வாரிவிட்டாளே! அந்தக் கோபம் அடங்கும் முன்பே, அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. சட்டென்று லேப்டாப்புக்கு முதுகைக் காட்டி, பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னிக்கு முதல்ல நீங்க கேளுங்க. போன வாரப் பாடத்துல யாருக்கு என்ன சந்தேகம்? எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள்.

"ஏம்ப்பா, சந்தேகமே இல்லையா?"

"இருக்கு மேடம்," என்றான் ஜன்னலோரம் இருந்தவன், கையில் போனோடு. "சாட்ல போட்டிருக்கோம்."

கடைசி பெஞ்சில் தலைவி எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. விரிவுரையாளர் வேறு வழியில்லாமல் மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.