கிருபா எடுத்த படி

புதுச் சட்டங்கள் ஆகாது, பெண்களுக்கு அரசியல் வேண்டாம் என்று லாசரஸ் பதினோரு வருடமாக ஒரு வார இதழில் எழுதி வந்தார். அவருடைய கிறுக்கல் அச்சகத்தில் யாருக்கும் புரியாது. மனைவி கிருபாதான் ஒவ்வொரு கட்டுரையையும் அழகாகப் படியெடுத்து அனுப்புவாள்.

தொண்ணூற்றாறில் இரும்புலியூரில் அவர்களுடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், கிருபா தேர்தலில் நிற்க மனுப் போட்டுவிட்டாள். கோபத்தில் லாசரஸ் அந்த வாரக் கட்டுரையைத் தன் கிறுக்கலிலேயே அனுப்பினார். ஆசிரியர் போன் செய்தார்.

“சார், ஒரு வரிகூட புரியல. நாளைக்குள்ள அக்கா எழுதினது வரலைன்னா இந்த வாரம் உங்க பக்கம் கிடையாது.”

பதினோரு வருடத்தில் ஒரு வாரமும் அவர் பக்கம் விடுபட்டதில்லை.

“கிருபா, இதைக் கொஞ்சம்...”

“எழுதித் தரேங்க. அதுக்கு முன்னாடி நாலு தெரு ஓட்டு கேக்கணும். நோட்டீஸைத் தூக்கிட்டு நீங்களும் வாங்க, சீக்கிரம் முடியும்.”

முதல் வீட்டு எல்லம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா சார், பொம்பளைங்க வூட்லயே கெடக்கணும்னு எழுதுற ஆளு நீதானே?”

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த நோட்டீஸைக் கண்ணால் காட்டினாள்.

“அது போன வாரம்மா,” என்று நோட்டீஸை நீட்டினார். “இவங்களுக்கே போடுங்க. நான் எழுதினது உங்களுக்குப் புரிஞ்சதே இவங்களாலதான்.”