பாங்குக்கு எட்டு நிமிடம் முந்தி

"ஒரு மஃரிபுக்கு இங்கிலீஸ்ல எதுக்கு டீச்சர் இத்தின பேர்?"

றுஸ்தா இப்படிக் கேட்டது ரமழான் நோன்பு பதினொன்றில். கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில், ஹுஸ்னியா டீச்சர் வீட்டு விறாந்தையில் ஐந்து பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பலகையில், மஃரிபு என்கிற அந்திப் பொழுதுக்கு சன்செட், ட்வைலைட், டஸ்க், நைட்ஃபோல் என்று நான்கு சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"எங்களுக்கிட்ட மட்டும் இல்லியா? அந்தி, செக்கல், மம்மல், கருக்கல் எண்டு நாங்களும் சொல்றதானே" என்றாள் ஹுஸ்னியா. பிறகு ஒவ்வொன்றாக விளக்கினாள். சூரியன் வயல் பக்கம் இறங்கி மறைவது சன்செட். அது போன பிறகும் வானத்தில் தங்கி நிற்கிற வெளிச்சம் ட்வைலைட். அதுவும் மங்கி, எதிரே வருவது யாரென்று கிட்ட வந்தால்தான் தெரியும் என்கிற நேரம் டஸ்க். முழுதாக இருண்டுவிட்டால் நைட்ஃபோல்.

"அப்ப இதில எதில டீச்சர் நோன்பு துறக்கிற?"

"சன்செட்டில மகள். வெளிச்சம் மிச்சம் கிடந்தாலும் பரவால்ல, சூரியன் போயிரிக்கணும்."

"நல்ல காலம். நைட்ஃபோல் எண்டா கஞ்சி ஆறிப் போயிரும்!"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். றுஸ்தா சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது பாடம், அவளுக்கு வயிற்றுக் காரியம். ஒன்பது வயதில் அன்றுதான் அவள் முதல் நோன்பு பிடித்திருந்தாள். கட்டாரில் வேலை செய்யும் வாப்பா றாஸிக்குக்கு, "மகள் முழு நோன்பு புடிச்சிட்டா" என்று அன்றிரவு சொல்லவேண்டும் என்பது அவளுக்கும் உம்மா பஸ்மினாவுக்கும் இடையிலிருந்த ஏற்பாடு.

வகுப்பு முடிய முன்னரே பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் புத்தகப் பைகளைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். றுஸ்தாவின் வீடு தூரம். உம்மா குடை கொண்டு வரட்டும் என்று ஹுஸ்னியா அவளை மறித்து வைத்தாள். சற்று நேரத்தில் கரண்டும் போனது. ஹுஸ்னியாவின் கைபேசியோ முன்னரே சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

கிழக்குக் கரையில் இருட்டு கடல் பக்கமிருந்துதான் முதலில் ஏறிவரும். அன்று மழை முகிலும் சேர்ந்துகொண்டதில் ஒழுங்கை மதில் கூடத் தெரியவில்லை. ஹுஸ்னியா டோர்ச்சை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் அடித்துப் பார்த்தாள். நோன்பு துறக்கும் நேரம் தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அவசர அவசரமாகப் பேரீச்சம்பழத் தட்டையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள். "எடுங்க மகள், நேரம் போயிட்டு."

றுஸ்தா கையை மடியிலேயே வைத்திருந்தாள். "பாங்கு கேக்கல்லியே டீச்சர்."

"இந்த மழையில, கரண்டும் இல்லாம, எங்க கேக்கிற? பாருங்க, எவ்வளவு இருட்டு. பிஸ்மில்லாஹ் சொல்லிட்டுத் தின்னுங்க."

டீச்சர் சொன்னால் சரிதான். றுஸ்தா பிஸ்மி சொல்லி ஒரு பழத்தை வாயில் போட்டாள். ஹுஸ்னியாவும் ஒன்றைத் தின்று தண்ணீர் குடித்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவதைப் பார்க்க அவளுக்கு மனம் குளிர்ந்தது.

மழை கொஞ்சம் விட்டது. அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பற்றரியில் வேலை செய்யும் ஸ்பீக்கர், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

ஹுஸ்னியாவின் கை தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. கடிகாரம்! காலையில் பாடசாலைக்குப் பிந்தக்கூடாதென்று பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டிருந்தது அவளேதான். பாங்கைக் கேட்டு நோன்பு துறக்கிற வீட்டில் அந்தப் பத்து நிமிடம் இதுவரை யாருக்கும் ஒரு கேடும் செய்ததில்லை.

"டீச்சர்," றுஸ்தாவின் குரல் உள்ளே போயிருந்தது, "என்ட நோன்பு முறிஞ்சிட்டா?"

அதற்குள் வாசல் படலை திறந்தது. ஒரு கையில் குடையும் மறு கையில் கஞ்சிப் பாத்திரமுமாக பஸ்மினா நனைந்துபோய் ஏறி வந்தாள்.

"அல்லாஹ்வே, பாங்குக்கு முந்தி வந்து சேரணுமெண்டுதான் ஓடி வந்த. வழுக்கி விழாத குறை! புள்ள, துறந்திட்டீங்களா?"

றுஸ்தா டீச்சரை ஒருமுறை பார்த்தாள். "ஓம் உம்மா. டீச்சர் பேரீச்சம்பழம் தந்தா."

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஒரு சின்னப் பிள்ளை தன் முதல் நோன்பைவிடத் தன் டீச்சரின் முகத்தைப் பெரிதாக நினைத்திருந்தது. பஸ்மினா மகளின் உச்சியில் கொஞ்சிவிட்டு, "பொறுங்க, வாப்பாக்கு இப்பவே ஒரு வொய்ஸ் போடுவம்" என்று கைபேசியை எடுத்தாள்.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பேசாமையைப் பிள்ளையும் சேர்ந்து சுமக்கவேண்டி வரும் என்று ஹுஸ்னியாவுக்குப் பட்டது.

"பஸ்மினா, கொஞ்சம் பொறுங்க. நாங்க பாங்குக்கு எட்டு நிமிசம் முந்தித் திண்டிட்டம். புள்ள பாங்கு கேக்கல்ல எண்டு சொன்னா. நான்தான் கேளாம, அவசரப்பட்டுக் குடுத்த. பிழை முழுக்க என்னில."

பஸ்மினா கைபேசியைத் தாழ்த்தினாள். பலகையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இங்கிலீஸ்ல நாலு மஃரிபு படிச்சுக் குடுக்கிற டீச்சருக்கு ஊர் மஃரிபு தவறிட்டா! இத வெளியில சொன்னா வகுப்புக்குப் புள்ளையள் வராது, டீச்சர்."

"சிரிக்காதீங்க. புள்ளைட முகத்தப் பாருங்க."

பஸ்மினா பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. ஈரச் சீலையோடு மகளின் பக்கத்தில் குந்தினாள்.

"மகள், உங்களுக்கு இன்னும் நோன்பு கடமையில்ல. வெள்ளாப்பில இருந்து நீங்க தாகத்தோட இருந்த எல்லாத்தையும் அல்லாஹ் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். ஒரு பேரீச்சம்பழத்துக்காக அதை அழிப்பானா?"

"அப்ப வாப்பாக்கு என்ன சொல்ற?"

"உள்ளதச் சொல்லுவம். வாப்பாவும் சிரிக்கட்டும்."

றுஸ்தா யோசித்தாள். "வேணா உம்மா. இண்டைக்கு ஒண்டும் சொல்லாதீங்க. நாளைக்கும் புடிக்கன். அதச் சொல்லுவம்." பிறகு, மிகவும் மெதுவாக, "டீச்சர்ட நோன்பு?"

"என்ட நோன்பு என்ட பாடு மகள்" என்று சொல்லி ஹுஸ்னியா கஞ்சியை ஊற்றினாள். "ஆறமுந்திக் குடிங்க."

மறுநாள் றுஸ்தா நோன்பு பிடித்தாள். பாங்கு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தாளாம். வாப்பா பதிலுக்கு அனுப்பிய வொய்ஸை ஒழுங்கை முழுக்கக் கேட்கவைத்தாள்.

பெருநாள் முடிந்து மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. கணவர் ஜெஸீம் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். ஹுஸ்னியா விடியுமுன் தனியே எழும்பி, பழஞ்சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டு, அன்று எட்டு நிமிடத்தில் தவறிப்போன ரமழான் நோன்பைத் திருப்பிப் பிடிக்க நிய்யத்து வைத்தாள். பாடசாலையில் தேநீர் வந்தபோது, "இப்ப வேணா" என்றாள். நல்ல வெயில். ஐந்தாம் வகுப்பில் உரத்து வாசித்துக் காட்டியதில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பின்னேரம் பிள்ளைகள் வந்தார்கள். றுஸ்தா வழக்கம்போலக் கேள்வி கேட்டாள், வழக்கம்போலப் பதில் கிடைத்தது. டீச்சரின் குரல் கம்மியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் குசினியில், ஒரு கோப்பைத் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாங்கின் முதல் தக்பீர் காதில் விழுந்த பிறகே கோப்பையைத் தொட்டாள். அல்லாஹ்விடம் தனக்கு மன்னிப்பைக் கேட்டாள். தன் முகத்தைக் காப்பாற்றப் பார்த்த ஒரு பிள்ளைக்காக, அவள் பெயரைச் சொல்லி, கொஞ்சம் நீளமாகவே துஆ கேட்டாள்.

பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழப் போனாள்.