வேளாங்கண்ணி பர்ஸ்

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன மர்சலின், அக்கா லிசாவுக்கு ஆசையாய் ஒரு மணிபர்ஸ் வாங்கி வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு பர்ஸ் வைக்கும் இடம் ரவிக்கைதான். இடுப்பெல்லாம் மீன்தண்ணி, வேறு எங்கே வைப்பது? லிசா இடது பக்கம் செருகிக்கொண்டாள். சில வருடங்களில் அதே இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது.

பர்ஸ் அழுத்தித்தான் வந்தது என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தெருவுக்கு டாக்டர் படிப்பு எதற்கு? மர்சலினும் நம்பினாள். ரவிக்கையில் வைத்திருந்த தன் பர்ஸை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, இனி தனக்கு வராது என்று நிம்மதியானாள். அக்காவின் பர்ஸை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். லிசாவுக்கு மார்பை எடுத்த நாளிலிருந்து அவள் முகம் பார்த்து மர்சலினால் பேச முடியவில்லை. வாங்கிக் கொடுத்த பாவி நான்தானே என்று உள்ளே அரித்தது.

அடையாறு ஆஸ்பத்திரிக்கு லிசாவுக்குத் துணையாகப் போன ஒருநாள், டாக்டர் ஸ்வர்ணலதாவிடம் அதைக் கேட்டே விட்டாள்.

"பர்ஸால இது வராதும்மா," என்றார் டாக்டர். "உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துதா?"

முன்பு கேட்டபோது இல்லை என்று தலையாட்டிய லிசா, இப்போது வாய் திறந்தாள். அம்மா சின்ன வயதிலேயே மார்க்கட்டியில்தான் போனாள். வெளியே தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள் என்று அப்பா மறைக்கச் சொல்லியிருந்தார்.

டாக்டர் திட்டவில்லை. வயதும் பிறந்த வீடும் நம் கையில் இல்லை என்றார். உடம்பு பெருப்பதும் குடியும் ஆபத்தைக் கூட்டும். நடையும் தாய்ப்பால் கொடுப்பதும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்திருப்பதால் மர்சலின் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாரம் இறங்கி இன்னொன்று ஏறியது. நாளைக்கு வருகிறேன் என்று மர்சலின் நழுவப் பார்த்தாள். லிசா விடவில்லை, கையைப் பிடித்து மேமோகிராம் அறை வாசலில் உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லை, வருடா வருடம் வந்து காட்டினால் போதும். மர்சலின் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அழுது தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் லிசா கேட்டாள். "என் பர்ஸ எங்கடி ஒளிச்சு வெச்சுகீற? யாவாரத்துக்குப் போவ வேணாமா?"

மர்சலின் தூசி தட்டிக் கொடுத்தாள். பழக்கத்தில் இடது பக்கம் போன லிசாவின் கை, ஒரு கணம் நின்று, வலது பக்கம் செருகியது.

"இங்கயும் நல்லாத்தான் கீது," என்றாள்.