அளக்காமல் போட்ட சைபர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். முப்பத்து நான்கு நாடுகளின் உணவுப் பட்டியல்களை ஒரே முறைக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. நூறு கிராம் பீட்ரூட்டில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு பொட்டாசியம் என்பதை எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் ஒரு நாடு பச்சையாக எழுதும், இன்னொன்று வேகவைத்து எழுதும், மூன்றாவது தோலோடு எடை போட்டுவிட்டுத் தோலைப் பற்றி வாயே திறக்காது.

நான் அதிகம் கத்துவது காலிக் கட்டத்துக்காக. அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் சைபர். அளக்கவே இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். தெரியாது என்பது வேறு, இல்லை என்பது வேறு. கூட்டத்துக்குக் கூட்டம் இதை வாய் கிழியச் சொன்னதில் எனக்குக் 'காலிக்கட்டம்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது.

என் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. அதனால் அண்ணி எங்கள் பட்டியலை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு காயையும் அதில் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளை ஓரங்கட்டிவிட்டாள். வீட்டுப் பெண் போட்ட பட்டியல் இருக்கும்போது அது எதற்கு என்பது அவள் கட்சி.

அப்படியும் மூன்று வாரத்துக்கு முன்னால் பொட்டாசியம் எகிறிவிட்டது. ஒளித்து வைத்து எதைக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் நாலு பேர் முன்னால் அண்ணியைக் கேட்டாராம். அண்ணனும் அதை நம்பி, அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். அண்ணி அழவில்லை. காய்களைக் குறைத்தாள், இருப்பதையும் இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்தாள். அடுத்த பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே சாப்பிடப் போனேன். அண்ணன் தட்டில் எல்லாவற்றின் மேலும் ஏதோ பொடி தூவியிருந்தது. என்னவென்று கேட்டேன். உலர்ந்த காளானை அரைத்த பொடி, உப்பில்லாத சாப்பாடு இதனால்தான் தொண்டையில் இறங்குகிறது, ஒரு மாதமாக மூன்று வேளையும் இதுதான், காயைக் குறைத்ததிலிருந்து இன்னும் கூடுதல் என்றாள் அண்ணி.

"பயப்படாத. இதுல பொட்டாசியம் சைபர். நீ போட்டதுதானே?"

காளானில் சைபரா? சட்டென்று அண்ணன் தட்டை இழுத்து, பொடியில் பூசணம் பிடித்திருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அண்ணன் அண்ணியை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு வர வேண்டியது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருவில் இறங்கியதும் டாக்டருக்குப் போன் போட்டுப் பொடியைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் செய்ய வேண்டிய டயாலிசிஸை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு நேரத்தை மட்டும் மருத்துவமனையிலிருந்து சொல்லிவிடச் சொல்கிறேன், நாலரைக்குள் அழைத்து வாருங்கள் என்றார். அங்கிருந்து நேரே அலுவலகம் போய்க் கணினியைத் திறந்தேன்.

உலர்ந்த காளான், பொட்டாசியம், சைபர். பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதலெழுத்து. அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு நாடுகளின் பட்டியலை இணைத்துக்கொண்டிருந்தேன். காலிக் கட்டம் இருந்தால் அப்போதிருந்த மென்பொருள் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பதினோரு கட்டத்தில் சைபரைத் தட்டி உள்ளே தள்ளினேன், திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று. திங்கட்கிழமை தலைக்கு மேல் வேலை. ஊரார் கட்டத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், என் கட்டத்தைப் பார்க்கவில்லை. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

எங்கள் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரைப் போனில் பிடித்து, தவற்றை இன்றைக்கே எல்லா நாடுகளுக்கும் எழுதிவிட வேண்டும் என்றேன். மூன்று மாதத்தில் அடுத்த பதிப்பு வருகிறது, சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், இத்தனை நாளாகக் கட்டிய நம்பிக்கை போய்விடும் என்றார். அந்த மூன்று மாதத்தில் எத்தனை ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்து எத்தனை பேர் சமைப்பார்கள் என்று கேட்டேன். அனுப்புங்கள் என்றார். என் பெயரைப் போட்டே எல்லா நாடுகளுக்கும் கடிதம் போனது. முப்பத்து நான்கு நாடுகளுக்குச் சொல்வது ஒன்றும் பெரிதில்லை. ஒரு சமையலறைக்குள் போய்ச் சொல்லத்தான் கால் வரவில்லை.

நான் போனபோது மணி நாலு. அண்ணி பொடி ஜாடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பொடியில பூசணம் இல்ல. பட்டியல்ல இருக்கிற சைபர்தான் தப்பு. அளக்காமலே நான் போட்டது. அதனாலதான் ஏறியிருக்கு."

அண்ணி குழாயை மூடினாள். திட்டட்டும் என்று நின்றேன்.

"அப்ப நான் அவரக் கொல்லப் பாக்கல," என்றாள்.

"இல்ல அண்ணி."

"என் கைதான் எங்கயோ தப்புப் பண்ணுதுன்னு நெனச்சேன். சமைக்கவே பயமா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி என்னைத் தேற்றவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அழறதெல்லாம் அப்புறம். இத அவர்கிட்ட சொல்லு. நான் நிக்கும்போதே சொல்லு."

கூடத்தில் அண்ணன் மருத்துவமனைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். குனிந்தபடியே கேட்டான். பிறகு நிமிர்ந்து, மூன்று வாரத்துக்கு அப்புறம் அண்ணியோடு பேசினான்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றாள் அண்ணி. "தெரியாதப்போ கேட்டிருக்கணும். இவ அளக்காம சைபர் போட்டா. நீங்களும் எனக்கு அதத்தான் போட்டீங்க."

இன்னொரு ஷூ அண்ணன் கையிலேயே இருந்தது. அண்ணி மருத்துவமனை ஃபைலை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். அவன் ஷூவை மாட்டி முடிக்கும்வரை நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.