திரும்பும்போது மட்டும் வரும் சத்தம்

காரில் சத்தம் திரும்பும்போது மட்டும்தான் வந்தது. அதுதான் வம்பு. ஸ்டியரிங்கை ஒடித்தால் தடக் தடக் என்று அடித்துக்கொள்ளும். நேராகப் போனால் பரம சாது. மெக்கானிக் சிவப்பிரகாஷ் கால்வாயோர ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். திரும்புகிற இடத்தில் அந்த மகராசன் காரில் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான்.

"வண்டி பூ மாதிரி இருக்குதுங்க. மலைக்காரங்களுக்குக் காது கொஞ்சம் அதிகம்" என்று சிரித்தான்.

வீட்டில் எல்லாரிடமும் அந்தச் சத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஜோமோளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடும்பஞ்சோலை மலையில் ஏலக்காய்த் தோட்டத்துப் பெண். கல்யாணமாகிக் கீழே வேலந்தாவளம் வந்தவள். நாளை மறுநாள் அவள் அம்மா புஷ்பமேரிக்குக் கண் ஆபரேஷன். அப்பா இல்லை, கணவன் ரமேஷ்குமார் துபாயில். கண்ணில் கட்டோடு இருக்கும் அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டாவிட்டால் அப்புறம் என்ன மகள்? மெக்கானிக்கே சொல்லிவிட்டான், போய்விடலாம் என்று பையைக் கட்டினாள்.

"அந்த வண்டில போக வேண்டாம் அம்மணி" என்றார் மாமனார் செங்கோட்டையன்.

"மெக்கானிக்கே நல்லாருக்குன்னு சொல்லிட்டாருல்லா மாமா."

"அவன் சொன்னான்" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகன் சர்ச்சில் தாலி கட்டியபோது வராத மனிதர். இன்றுவரை சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்காதவர். என்னைப் பெற்றவளிடம் அனுப்ப மனசில்லை, வண்டி ஒரு சாக்கு என்று நினைத்து ஜோமோள் அடுப்படியில் நின்று அழுதாள்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து, "சாவிய எடுத்துட்டு வா அம்மணி" என்றார். மாட்டுச் சந்தைத் திடலுக்கு வழி சொன்னார். சந்தை இல்லாத நாள். திடல் காலியாகக் கிடந்தது. அங்கேதான் அவர் தரகு பார்ப்பது.

"நேரா நடக்கற மாட்டப் பாத்து எவனும் வெல பேச மாட்டான். வட்டமா நடத்திப் பாக்கோணும். கால்ல நோவு இருந்தாத் திரும்பறப்ப மறைக்க முடியாது. முழுசா ஒடிச்சு ஒரு சுத்து வா."

வலப்பக்கமாகச் சுற்றினாள், சத்தமில்லை. இடப்பக்கம் ஒடித்ததும் தடக் தடக். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதைச் சாய்த்தபடி புழுதியில் காரோடு ஓடிவந்தார் செங்கோட்டையன். மூச்சு வாங்கியது.

"நிறுத்து. வலது முன்னங்கால்!"

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்கள். வலது சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சில் முனையின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்துக் கிடந்தது. சிவப்பிரகாஷைக் கூப்பிட்டார்கள். அவன் ஆக்சிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"ஜாயின்ட் தேஞ்சு போச்சுங்க. மலையேத்தத்துல விட்டுப்போயிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினான். கோயமுத்தூரிலிருந்து புது ஆக்சில் வரவழைத்து நாளைக்கே மாட்டித் தருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

வீட்டுக்கு நடக்கையில் ஜோமோள் கேட்டாள்: "எல்லாரும் எங் காதுலதான் கோளாறுன்னாங்க. நீங்க எப்படி மாமா நம்புனீங்க?"

"நீ சொன்னயில்ல" என்றார் அவர்.

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் பிரியமாகவும் இருந்தது. அடுப்படியில் அழுத அழுகையை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஆபரேஷன் நாள் விடியற்காலை, சொன்னபடியே ஆக்சில் மாட்டிய காரை ஜோமோள் கிளப்பினாள். முன்கதவு திறந்தது. சலவை வேட்டியும் கையில் ஒரு தார் பூவன் பழமுமாக செங்கோட்டையன் ஏறி உட்கார்ந்தார்.

"மாமா?"

"அத்தன வளைவு இருக்குது. மறுக்காச் சத்தம் வருதான்னு கேக்க ஆள் வேணுமல்ல."

அவள் வண்டியை எடுக்கவில்லை. அவரையே பார்த்தாள். அவர் பழத்தாரை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"கண்ணுல கட்டு அவுக்கறதுக்குள்ள போய்ச் சேந்தரோணும் அம்மணி. அந்தம்மா மூஞ்சியப் பாத்துப் பேசறதுக்கு எனக்கு இன்னும் தைரியம் வல்ல."