அங்க அடையாளம்

என் வீட்டுக்காரர் சுருளிவேல் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலையாக இருந்தார். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஆள் சாகவில்லை, தோட்டத்துக்கே திரும்பிவிட்டார் என்பது சண்டை முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "கப்பலேற உடம்பில் தெம்பில்லை, நீ வந்தால் பிழைத்துக்கொள்வேன்" என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லிவிட்டிருந்தார். வந்தால் பிழைப்பேன் என்று கட்டிய புருஷன் சொன்னபிறகு, மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டில் உட்கார எனக்கென்ன பைத்தியமா? அன்றைக்கே கிளம்பிவிட்டேன், பள்ளிக்கூடத்து வாத்தியார் சின்னச்சாமி வீட்டுக்கு.

"பாஸ்போர்ட் வேணும் பஞ்சம்மா. லேசுல குடுக்கமாட்டாக."

"வேணும்னா எழுதுங்க வாத்தியாரய்யா. அதுக்கு எதுக்கு இம்புட்டு இழுவை?"

எழுதினார். அங்க அடையாளம் என்று ஒரு கேள்வி வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கனத்த தங்கத் தண்டட்டி போட்டு வளர்த்த காது எனக்கு. தோளில் இடித்துக்கொண்டு கிடக்கும். 'இரண்டு காதும் தோள்வரை தொங்கும்' என்று எழுதிவிட்டார். பெரிய கண்டுபிடிப்பு! போட்டோவும் அதே காதோடுதான் பிடித்தோம்.

மனுப் போட்டது தை மாதம். வீரபாண்டித் திருவிழா வந்துபோனது, ஆடிக்காற்றும் அடித்து ஓய்ந்தது, பாஸ்போர்ட்டைத்தான் காணோம். தேவாரத்திலிருந்து பஸ்ஸேறித் தாலுகா ஆபீசுக்குப் போவேன். "மேலே போயிருக்கு" என்பார் குமாஸ்தா.

"மேலேன்னா எங்கன எசமான், மேகமலைக்கா?"

அவருக்குச் சிரிப்பு வராது. எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பில்லை. இந்த ஆபீஸ்காரர்கள் காகிதத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அங்கே அந்த மனுஷன் கண்ணை மூடிவிட்டால் நான் யாரைப் போய்ப் பார்ப்பது?

கப்பல் சீட்டுக்காக இதற்கு நடுவில் தண்டட்டியை விற்றுவிட்டேன். வெறுங்காது இரண்டும் அறுந்த தாம்புக்கயிறு மாதிரி ஆடியது. "மலேயாவுல இப்படிக் காதை ஆட்டிக்கிட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாகடி" என்றாள் பக்கத்து வீட்டு ராமுத்தாய். எனக்கும் அது சரியென்று பட்டது. ஆசுபத்திரிக்குப் போய், தொங்கலை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தேன். புண் ஆறினதும் கண்ணாடியில் பார்த்தால் டவுன்காரி மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். கையில் என் போட்டோ.

"பஞ்சம்மாளைக் கூப்பிடு."

"நாந்தேன்."

போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காது எங்க?"

"இங்கனதேன் இருக்கு. அறுத்துத் தச்சிருக்கேன்."

"ஒருத்தி பேரைச் சொல்லி இன்னொருத்தியைக் கப்பலேத்துறவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!" என்று சொல்லிவிட்டு, ஆள் வேறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். முதலிலிருந்து புது மனுப் போட வேண்டும் என்று ஆபீசிலிருந்து சேதி வந்தது.

இன்னொரு தை, இன்னொரு ஆடி என்று மலேயாவில் அவர் எங்கே தாங்கப்போகிறார்? அழகுக்கு ஆசைப்பட்டுப் புருஷனைக் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் புத்தி வேலை செய்யும். எங்கள் தெருப் பொம்பளைகளை ஒருத்தி பாக்கியில்லாமல் கூப்பிட்டேன். ராமுத்தாய், அய்யம்மாள், கருத்தம்மாள், அவள் நாத்தனார்மார் எல்லாரும் பஸ் கொள்ளாமல் ஏறினோம்.

தாசில்தார் மேஜைக்கு முன்னால் தோள்வரை தொங்கும் இவ்வளவு காதுகள் ஒன்றாக வந்து நின்றதே இல்லை போலிருக்கிறது. அவர் எழுந்தே விட்டார்.

"என்னம்மா இது, ஊர்வலமா?"

"எசமான், இவுக காதையெல்லாம் நல்லாப் பாருங்க. இதுல எது பஞ்சம்மா காது?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்ப என் மனுவுல எழுதியிருக்கிற அடையாளத்தை வச்சு, இதுல எவளை வேணும்னாலும் கப்பலேத்தலாம்ல? அது எனக்கு மட்டும் உள்ள அடையாளமா? எங்க சீமைக்கே உள்ளது." காதை மூடியிருந்த முந்தானையை விலக்கித் தழும்பைக் காட்டினேன். "இந்தத் தையல் எங்க ஊர்ல எனக்கு மட்டுந்தேன் இருக்கு. இதை எழுதுங்க. நான் பஞ்சம்மா இல்லைன்னா இத்தனை பேரும் வேலைவெட்டிய விட்டுட்டு உங்க மூஞ்சியப் பாக்கவா வந்திருக்காக?"

"ஏடி, வாயை அடக்குடி" என்று ராமுத்தாய் இடுப்பில் கிள்ளினாள். தாசில்தார் விழுந்து விழுந்து சிரித்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, பழைய வரியை அடித்து, 'இரு காதிலும் தையல் தழும்பு' என்று எழுதச்சொன்னார். எல்லாரிடமும் சாட்சிக்குக் கைநாட்டு வாங்கி, பழைய மனுவையே செல்லும்படியாக்கி அனுப்பினார். ஐப்பசியில் பாஸ்போர்ட் வந்தது. வாத்தியாரைவிட்டு அவருக்குக் கடுதாசி போட்டுவிட்டு, கார்த்திகையில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

பினாங்கில் இறங்கினதும் என் பெட்டியைக் கேட்காமல் தூக்கின கூலிக்காரனோடு சண்டை. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேலிக்கம்பியைப் பிடித்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். தலையில் முடியில்லை, சட்டைக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை. பாவம், யாரைத் தேடி வந்தாரோ என்று நினைத்து அவரைத் தாண்டி நடந்தேன்.

"பஞ்சம்மா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கன்னம், கழுத்து, கை, எதுவும் அவருடையது இல்லை. இவர்தான் உன் புருஷனா என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டிருந்தால், இல்லை என்று கைநாட்டு வைத்திருப்பேன்.

"நாந்தேன் புள்ள" என்றார். நான் நம்பமாட்டேனோ என்ற பயம் கண்ணில் அப்படியே தெரிந்தது.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்று பொய் சொன்னேன். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.